ஆம் என்னும் விடை

ஆங்கில இலக்கணத்தில் தேர்ந்தவர் என்றொரு நினைப்பு இளமையில் நமக்கு இருந்தது. ரென், மார்ட்டின் இருவரும் இயற்றிய இலக்கண நூலை அட்டை கிழியுமளவு படித்திருந்தோம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கச் சொன்னால் நொடியில் ஆக்குவோம். ஆயின், எதிரே ஒருவர் நின்று வினவினால் நா எழாது.

1983-ஆம் ஆண்டு நம் வாப்பா நிமோனியாக் காய்ச்சலால் சென்னையில் மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தார்கள். மாலையில் வந்த மருத்துவர் வடநாட்டவர், தமிழ் அறியாதவர். குறிப்பேட்டைப் பார்த்தவாறே, “ஹி ஹாஸன்ட் ஹாட் ஹிஸ் இன்ஜெக்‌ஷன்?” என்றார். இன்னும் ஊசி போடவில்லையா என்று கேட்கிறார். போடவில்லைதான். எனவே மிகுந்த பணிவோடு, “யெஸ், சார்” என்றோம். அவர் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அன்றிரவு ஊசி வரவில்லை. நள்ளிரவில் காய்ச்சல் ஏறி வாப்பா பிதற்றத் தொடங்கியதும் செவிலியை அழைத்து வந்தோம். ஊசி போட்டாயிற்று என்று குறிப்பேட்டில் இருந்தது. எழுதியது மருத்துவர் கை. எழுதச் செய்தது நம் நாக்கு.

அல்லாஹ்வின் கிருபையால் வாப்பா பிழைத்தார்கள்.

பிழை எங்கே என்று பிறகு சிந்தித்தோம். “சாப்பிடவில்லையா?” என்று கேட்டால், “ஆமாம், சாப்பிடவில்லை” என்பது தமிழ் வழக்கு. கேட்டவர் கூற்றை நம் ‘ஆம்’ ஒப்புகிறது. ஆங்கிலத்து ‘யெஸ்’ கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கிறது. நடந்திருந்தால் யெஸ், நடவாதிருந்தால் நோ. வினா எவ்வாறு அமைந்தாலும் விடை மாறாது.

நமக்கு ஓதிக்கொடுத்த ஆலிம் அவர்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். அரபியிலும் எதிர்மறை வினாவுக்கு ‘நஅம்’ என்றால் இல்லையென்பதை ஒப்புவதாகும். அதை மறுத்து உண்டு என்று சொல்ல ‘பலா’ எனத் தனிச்சொல் இருக்கிறது. அல்அஃராஃப் அத்தியாயத்தில் ஆதமுடைய மக்கள் இறைவனுக்கு அளித்த விடை அச்சொல்லே என்றார்கள். எத்தனை முறை ஓதியிருப்போம்! கவனித்ததில்லை.

பின்னர் நம் மகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க நேர்ந்தபோது விதி எதையும் சொல்லவில்லை. அடுப்படியில் நாளுக்கு நான்கு வரி உரையாடல், அவ்வளவே. “யூ ஹாவன்ட் ஈட்டன்?” “நோ, ஐ ஹாவன்ட்.” “யூ டோன்ட் லைக் ஃபிஷ்?” “யெஸ், ஐ டூ.” மீன் ஆணம் கொதிக்கும்போது இந்தக் கடைசி விடையை அவள் கூவிச் சொல்வாள். யெஸ், நோ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்த விடுவதில்லை. பின்னால் அந்தச் சிறு வால் வந்தாக வேண்டும். வினாவில் நின்ற துணைவினையே வாலிலும் திரும்புவதால், டூ எங்கே, ஹாவ் எங்கே என்பது தானே படிந்தது. ‘டிட் யூ வென்ட்’ என்ற பிழையும் இவ்வாறே போயிற்று. நீண்ட வாக்கியம் எழுத நூலின் துணை வேண்டும்தான், அதை மறுக்கவில்லை.

திண்ணையிலிருந்த வாப்பா இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஒருநாள் பேத்தி விளையாட்டாக, “யூ ஹாவன்ட் டேக்கன் யுவர் டேப்லெட்?” என்று அவர்களிடம் கேட்டாள்.

“நோ, ஐ ஹாவன்ட்” என்றவர்கள் நம் பக்கம் திரும்பி, “இம்முறையாவது சரியாக எழுதிக்கொள்ளச் சொல்” என்றார்கள்.