கடற்கரையில் கேட்ட பறை

மார்கழியில் சென்னைச் சபாக்களுக்குச் செல்வோர், பாடுபவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார் என்பதை அறிந்த பின்னரே வீட்டை விட்டுப் புறப்படுவர். நானும் அவ்வாறு பழகியவன்தான். எவர் இசைக்கப் போகிறார் என்றே அறியாமல் நான் இசை கேட்க நின்றது 2023ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில்தான். 2007ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் நடைபெற்றுப் பின்னர் நின்றுபோயிருந்த சென்னைச் சங்கமம் என்னும் கலைவிழா, அவ்வாண்டு மீண்டும் நடத்தப்பட்டது. தீவுத்திடலில் தொடங்கிய விழா, பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் கடற்கரையிலும் மாலைதோறும் தொடர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு நான் சென்றதற்கு இசைகூடக் காரணமன்று; ஊரிலிருந்து வந்திருந்த தங்கை மகள் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள்.

கடலை அவள் பார்த்தாள். நான் மேடைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

முதலில் கொங்குப் பகுதியைச் சேர்ந்த துடும்பாட்டக் குழு. அந்தப் பெரிய முழவின் ஒலியைக் காது கேட்பதற்கு முன் மார்பு கேட்டுவிடுகிறது. அடுத்து நையாண்டி மேளம். நாதசுரத்தையும் தவிலையும் கோயில்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால், அவற்றுடன் பம்பையும் உறுமியும் தமுக்கும் சேர்ந்தபோது, தெரிந்த மனிதர் ஒருவர் வேறு ஊரில் வேறு உடையில் எதிர்ப்பட்டதுபோல் இருந்தது. பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட இரண்டு முழவுகள். உறுமியோ இடை சிறுத்த இருமுகக் கருவி. அதன் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கிறார்கள். தோலும் குச்சியும் உராயும்போது எழும் ஒலி, புதருக்குள்ளிருந்து விலங்கு ஒன்று எச்சரிப்பதை ஒத்திருந்தது. இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று எத்தனை ஆண்டுகள் இலக்கணம் நடத்தியிருப்பேன்! உறுமி என்ற பெயருக்கான காரணம் அன்றுதான் என் செவியில் விழுந்தது.

மூன்றாவதாக வந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களுள் ஐவர் பெண்கள். மேடையேறுவதற்கு முன், சிறிது தொலைவில் மணலில் வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயில் தம் பறைகளைக் காட்டிக் கொண்டிருந்தனர். கடற்காற்றின் ஈரம் தோலைத் தளர்த்திவிடும். தளர்ந்த தோல் மந்தமாக ஒலிக்கும். வெம்மை பட்டு ஈரம் நீங்கினால் தோல் இறுகும், ஒலி கூர்மையாகும். முதியவர் ஒருவர் ஒவ்வொரு பறையையும் வாங்கி, விரலால் தட்டிப் பார்த்து, சிலவற்றை மீண்டும் தீயிடம் அனுப்பினார். வீணையின் நரம்பை முறுக்குபவரிடம் காணும் அதே பொறுமை.

அறிவிப்பாளர், “அடுத்து, பறையாட்டக் குழு” என்றார். அவ்வளவுதான். எட்டுப் பெயர்களில் ஒன்றுகூட ஒலிபெருக்கியில் வரவில்லை.

இடக்கையில் நீண்டு மெலிந்த குச்சி. வலக்கையில் குறுகித் தடித்த குச்சி. மெலிந்தது படபடக்க, தடித்தது தாளத்தை நிறுத்தியது. ஒரே அடியில் எண்மரும் கால் மாற்றினர். சுண்டல் விற்கும் சிறுவன்கூட விற்பனையை மறந்து நின்றான். எனக்கு ஏனோ மகிழ்ச்சி தோன்றவில்லை. பழைய வகுப்பறை ஒன்று கண்முன் வந்தது.

தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைக் கூறுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என அட்டவணையாகவும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இருபது ஆண்டுகளுக்கும் முன்பு இந்த அட்டவணையை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, மீன்கோட்பறையை எப்படி அடிப்பாங்க? இப்படியா?” என்று கேட்டவன், மேசைமேல் விரல்களால் தட்டிக் காட்டினான். நல்ல தாளம். வகுப்பு சிரித்தது. “அவங்க அப்பா சாவுக்கு அடிக்கிறவர் ஐயா” என்று ஒரு குரல் எழ, சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நான் அந்தச் சிரிப்பைக் கண்டிக்கவில்லை. “தேர்வில் பெயரை மட்டும்தான் கேட்பார்கள், எழுது” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றேன். அதன்பின் அவன் என் வகுப்பில் எதையும் கேட்டதில்லை.

அவனது கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியாது என்பதே உண்மை. தெரியாது என்று சொல்வதைவிட, அவனை அமரச் செய்வது எனக்கு எளிதாக இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் குழுவினர் இருந்த இடத்திற்குச் சென்றேன். முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் தமிழாசிரியர் என்றதும் எழுந்து நிற்க முயன்றார். பெருமுயற்சி செய்து அமர வைத்தேன். அவர்கள் அடித்த அடிகளின் பெயர்களைக் கேட்டேன். சாமிச்சாட்டு அடி, மருள் அடி, ஒத்தையடி, வாழ்த்தடி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி, தொடையில் தட்டியும் காட்டினார். இவற்றுள் ஒன்றேனும் என் அட்டவணையில் இருந்ததில்லை.

“முன்னெல்லாம் ஊர்ல சாவுன்னா எங்களைத்தான் கூப்பிடுவாங்க ஐயா. போகமாட்டேன்னு சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைங்க வந்த பிறகு, சாவுக்கு அடிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்.”

அருகில் இருந்த இளம்பெண் கல்லூரி மாணவி. யாரிடம் கற்றாள் என்று கேட்டேன். “தாத்தாகிட்டதான். ஆனா, பள்ளிக்கூடத்துல படிச்சவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லைங்க சார்” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டில் எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதிக்கொண்டேன். முதியவர் முதலில் தம் ஊரின் பெயரைச் சொன்னார். “உங்கள் பெயர், ஐயா” என்று மீண்டும் கேட்டபோது சற்றுத் தயங்கினார். பிறகு தந்தையின் பெயரோடு சேர்த்துச் சொன்னார். அடுத்தடுத்த மாலைகளில் வேறு இரண்டு இடங்களுக்கும் சென்றேன். பறைக்குழு எது வந்தாலும், நாற்பதை நெருங்கும் முகம் ஏதேனும் தென்படுகிறதா என்று உற்றுப் பார்த்தேன். அவனைக் காணவில்லை. கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பதினொன்றாம் வகுப்பிற்கு அதே அட்டவணையை எழுதினேன். இவற்றுள் எதையேனும் கேட்டிருக்கிறீர்களா என்றேன். அமைதி. கடற்கரையில் கேட்டதைச் சொன்னேன். அந்த மாணவனைப் பற்றியும், அவனுக்கு நான் அளித்த விடையைப் பற்றியும் சொன்னேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

உணவு இடைவேளையில் ஒரு மாணவி ஆசிரியர் அறையின் வாயிலில் வந்து நின்றாள்.

“ஐயா, எங்க தாத்தாவோட உறுமி வீட்டுல பரண்மேல கிடக்குது. கொண்டு வரட்டுங்களா? ஒரு பக்கம் தோல் கிழிஞ்சிருக்கு.”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“தேய்க்கிற பக்கம்” என்றாள்.