ஓடக் கூடாத நேரம்

எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் சிலர், மலாக்காவில் இருக்கும் அலாம் கடல் அகாடமியில் சேரலாமா என்று கேட்க அலோர் ஸ்டாருக்கு என்னைத் தேடி வருவார்கள். எல்லாரும் புயலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். துருவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கப்பலில் பயிற்சி பெறும் கேடட்டின் நாள் பெரும்பாலும் துருவோடுதான் கழியும். விடியற்காலை நான்கு மணிக்கு சீஃப் ஆஃபிசருடன், கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜில் காவல். எட்டு மணிக்குப் பசியாறிவிட்டு, தள ஊழியர்களின் தலைவரான போசன் காட்டும் இடத்தில் சுத்தியலால் துரு தட்டி பிரைமர் அடிக்க வேண்டும். மாலை நான்குக்கு மறுபடியும் பிரிட்ஜ். படுப்பதற்கு முன் பயிற்சிப் பதிவேடு.

இதற்கிடையில் ஒரு நாள் அபாய அறிவிப்பாக ஏழு குட்டை ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்கும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, உயிர்காப்பு அங்கியோடு கூடுமிடத்துக்கு விரைய வேண்டும். தீயணைப்பு, கப்பலைக் கைவிடுதல் ஆகிய இரண்டு ஒத்திகைகளிலும் கப்பல் ஊழியர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறையாவது பங்கேற்க வேண்டும் என்பது, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தத்தின் விதி. டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு, 1914இல் பிறந்த ஒப்பந்தம் அது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நம்மவர்களை ஏற்றிச் சென்ற சிதம்பரம் கப்பல், 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பல உயிர்களைக் காவு கொண்டது.

தீயும் வெள்ளமும் கண்ணுக்குத் தெரியும். அவற்றுக்கு ஓடப் பழக்குவது எளிது. கப்பலைச் சமநிலையில் வைக்கத் தண்ணீர் நிரப்பும் பல்லாஸ்ட் டாங்க் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் அப்படியில்லை. துருப்பிடிக்கும் இரும்பு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிக்காற்றில் 21 விழுக்காடு இருப்பது அங்கே ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இறங்கியிருக்கும். வாடை இருக்காது, மூச்சும் முட்டாது; ஆள் சுருண்டு விழுவான். பார்த்த கூட்டாளி பதறி இறங்குவான், அவனும் விழுவான். விஷவாயு தேங்கிய கிணற்றில் அண்ணனைத் தூக்கத் தம்பி இறங்கும் அதே கதை.

இப்படி மூடிய இடத்தில் விழுந்தவரை மீட்பதற்கும் தனி ஒத்திகை வேண்டும் என்று 2015 ஜனவரி முதல் விதி வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கப்பலில் இந்த ஒத்திகையை நான் நடத்தும்போது, ஒரே அறையில் தங்கும் இருவரைப் பிரிப்பேன். ஒருவன் பாதுகாப்பான ஓரிடத்தில் மயங்கியவனாகப் படுப்பான். மற்றவன் வாசலில் காவல். அப்போது நான் பார்ப்பது காவல் நிற்பவனின் காலைத்தான். அது ஏணியைத் தொட்டால் ஒத்திகை அங்கேயே நிற்கும், மறுபடியும் தொடங்கும். கை வாக்கிடாக்கியை எடுத்து அலாரம் கொடுக்க வேண்டும். முதுகில் காற்றுச் சிலிண்டரும் இடுப்பில் கயிறுமாக மீட்புக் குழு வரும்வரை அவன் வாசலை விட்டு அசையக் கூடாது.

பாசமுள்ள பிள்ளைகளுக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றும். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் கடினம். ஒருவருக்கு ஆபத்து என்றால் முதலில் ஓடு என்றுதான் வளர்க்கிறோம். அதனால்தான் மனம் பதறினாலும் கை செய்ய வேண்டியதைச் செய்யும்படி திரும்பத் திரும்பப் பழக்குகிறோம்.

கடலுக்குப் போக ஆசைப்படும் தம்பி தங்கைகளே, நீச்சல் பழகுங்கள், கணக்கும் ஆங்கிலமும் படியுங்கள். கப்பலில் ஏறிய பிறகு, காற்றை அளந்து பார்க்காத டாங்குக்குள் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். யார் விழுந்து கிடந்தாலும் தனியாக இறங்காதீர்கள்.