பார்பிசோனில் தங்கியவர்கள்

மாலை மங்கும் வேளை. கிழங்கு தோண்டிய வயல். கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, தலை கவிழ்ந்து நிற்கின்றனர் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மூவேளைச் செபம் சொல்லும் இவ்விருவரையும் நம் வாசகர்களுள் பலர் படத்தில் கண்டிருப்பர். நாம் பயின்ற குருமடத்தின் உணவறைச் சுவரிலும் இவர்கள் நின்றார்கள். பசித்த வயிற்றோடு எத்தனையோ நாள் அவர்களைப் பார்த்தபடி நாமும் அச்செபத்தைச் சொல்லியிருக்கிறோம்.

படத்தை 1857-க்கும் 1859-க்கும் இடையில் வரைந்தவர் பிரான்சு நாட்டின் ழான் பிரான்சுவா மில்லே. அடிவானத்தில் சிறியதாய்த் தெரியும் ஆலயக் கோபுரம் ஷாயி என்னும் ஊருடையது. மில்லே குடியிருந்த பார்பிசோன் அன்று ஷாயியைச் சேர்ந்த குக்கிராமம். அதற்கெனத் தனி ஆலயம் இல்லை. வயல்வெளியைக் கடந்து அங்கிருந்து வரும் மணியோசைதான் பார்பிசோன் மக்களுக்கு வேளையை அறிவித்தது. படத்தில் கேட்பது அந்த மணியே.

சென்ற ஆண்டு நம் பங்கின் இளைஞர் ஒருவர், ஓவியக் கல்லூரியில் பயில்பவர், விண்ணப்பத்தாள் ஒன்றுடன் நம்மிடம் வந்தார். வெளிநாட்டில் காட்டோரச் சிற்றூர் ஒன்றில் ஆறு வாரம் தங்கி, அந்நிலத்தையும் சுற்றுச்சூழலையும் பொருளாகக் கொண்டு வரைய வேண்டும். தங்குமிடமும் உணவும் அழைப்போர் பொறுப்பு. இவ்வகை ஏற்பாட்டுக்கு ‘ரெசிடென்சி’ என்று பெயர். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றிலும் ஓவியர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை இவ்வாறு இடமளிக்கின்றனர். நற்சான்றுக் கடிதத்தை வாங்கிக்கொண்ட இளைஞர் போகாமல் நின்றார். “சாமி, நம்ம ஊரைப் பார்க்கவே எனக்கு இருபது வருசம் ஆச்சு. ஆறு வாரத்துல அங்க நான் என்னத்தைப் பார்க்கிறது?” என்றார்.

ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றல் ஆணை பெற்றுப் பெட்டி கட்டும் நமக்கு இக்கேள்வி எளிதில் கடந்து போகக்கூடியதன்று. அன்றிரவு பார்பிசோன் பற்றிய நூலொன்றை மீண்டும் எடுத்துப் பிரித்தோம்.

பாரிசிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஃபோன்டேன்புளோ என்னும் பெருங்காட்டின் ஓரத்தில் அவ்வூர் உள்ளது. 1830-கள் முதல் ஓவியர்கள் அங்கே வரத் தொடங்கினர். எவரும் அவர்களை அழைக்கவில்லை, உதவித்தொகையும் இல்லை. கான் என்ற குடும்பத்தார் நடத்திய எளிய விடுதியில் குறைந்த செலவில் உண்டு உறங்கி, பகலெல்லாம் காட்டில் திரிந்தனர். மழை நாளில் சும்மா இருக்க மாட்டாமல் விடுதியின் சுவரிலும் அலமாரிக் கதவிலும் வரைந்து வைத்தார்கள். அந்த அலமாரிகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள், விடுதியே அருங்காட்சியகமாகிவிட்டது. 1841-இல் காப்புரிமை பெற்ற தகரக் குழாய் வண்ணங்கள், வண்ணத்தைக் கூடத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்வதை எளிதாக்கின. 1849-இல் ஃபோன்டேன்புளோவுக்கு இரயிலும் வந்தது. அதன்பின் கூட்டம் பெருகியது. அதிலே பொழுதுபோக்க வந்தவரும் உண்டு.

தங்கியவர்களுள் முதன்மையானவர் தியோடர் ரூசோ. (மெய்யியலாளர் ரூசோ வேறு, இவர் வேறு.) பாரிசின் ஆண்டுக் கண்காட்சி இவருடைய படங்களைப் பலமுறை திருப்பி அனுப்பியது. அவர் காட்டுக்கே திரும்பினார். ஒரு கருவாலி மரத்தை ஒரு மனிதரின் முகத்தைப் போல உற்று நோக்கி வரைந்தார். அப்படிப் பார்த்துப் பழகியவருக்கு மரம் விழும் ஓசை வேறு விதமாகத்தான் கேட்டிருக்கும். மரங்கள் வெட்டப்படும் காட்சியொன்றை 1847-இல் தீட்டத் தொடங்கிய அவர், அதற்கு ‘மாசில்லாக் குழந்தைகளின் படுகொலை’ என்று பெயர் விளங்கச் செய்தார். ஏரோதின் வாளை விறகுவெட்டியின் கோடரியில் கண்ட அப்பெயர் சற்று மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த மிகையிலிருந்துதான் செயல் பிறந்தது. வனத்துறையினர் முதுமரங்களை வெட்டி, வேகமாக வளரும் பைன் மரங்களை நிரைநிரையாக நட்டு வந்தனர். 1852-இல் ஓவியர்கள் சார்பில் ரூசோ மூன்றாம் நெப்போலியனிடம் முறையிட்டார். மறு ஆண்டில் 624 ஹெக்டேர் கோடரிக்கு விலக்கப்பட்டது. 1861-இல் அரசாணை அதனை 1,097 ஹெக்டேராக விரித்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா பிறந்தது 1872-இல். அதற்குப் பதினோராண்டு முன்னரே, ஓவியர் கண்ணுக்கு இனியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காடு சட்டத்தின் காவலைப் பெற்றுவிட்டது.

இந்தக் காரணம் நம்மை உறுத்துகிறது. சுள்ளி பொறுக்கிக் குளிர்காயும் ஏழைப் பெண்ணும் அதே காட்டை நம்பித்தானே வாழ்ந்தாள்? அவளுடைய கண்ணுக்கு அக்காடு எப்படித் தெரிந்தது? அரசாணையில் அவளுக்கு இடமில்லை.

மில்லேயின் படங்களில் இருக்கிறது. 1849-இல் பாரிசில் காலரா பரவியபோது, மனைவி மக்களோடு சில காலம் தங்கிப் போகலாம் என்று பார்பிசோனுக்கு வந்தவர் அவர். 1875-இல் இறக்கும்வரை அவ்வூரை விட்டுக் குடிபெயரவில்லை. தம்மையும் உழவர் மகனாகவே எண்ணிய அவருக்குக் காடு தனியழகு கொண்ட காட்சியாகத் தெரியவில்லை. முதுகு ஒடியச் சுள்ளிக்கட்டைச் சுமந்து அதிலிருந்து வெளியேறும் பெண்களை வரைந்தார். அறுவடையான வயலில் குனிந்து சிந்திய கதிர் பொறுக்கும் மூவரை 1857-இல் வரைந்தார். ரூத்து ஆகமம் படித்தோர்க்கு அவர்கள் அந்நியர் அல்லர். சுமையை இறக்கிய விறகுவெட்டியை மரணம் வந்து பற்றும் படத்தை 1859-இல் கண்காட்சிக்கு அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. ரூசோவின் படத்தில் கோடரி ஏந்தியவன் ஏரோதின் சேவகன். மில்லேயின் படத்தில் அவனே இரங்கத்தக்கவன். இருவரும் பார்த்தது ஒரே காட்டை.

இவ்விருவரும் பகைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் நாம் இவ்வரலாற்றில் மிக விரும்பும் பகுதி. மில்லே வறுமையில் உழன்ற நாளில், மரத்துக்கு ஒட்டுக் கட்டும் உழவர் ஒருவரையும், குழந்தையை ஏந்தி அதைப் பார்த்து நிற்கும் அவர் மனைவியையும் 1855-இல் வரைந்தார். அமெரிக்கர் ஒருவர் அதை நல்ல விலைக்கு வாங்குவதாக ரூசோ செய்தி கொண்டுவந்தார். அப்படியோர் அமெரிக்கர் இல்லை, வாங்கியவர் ரூசோவே. நண்பரின் தன்மானம் புண்படாதிருக்கச் சொன்ன அந்தப் பொய்யை அறநெறி இறையியல் வகுப்பில் எப்படித் தீர்ப்பிடுவார்களோ, அறியோம்! மரத்தை மட்டுமே நோக்கியவர் தம் கைப்பொருள் கொடுத்து வாங்கியது, மரமும் மனிதனும் ஒருவரையொருவர் தொடும் படத்தை. 1867-இல் ரூசோ உயிர் நீத்தபோது அருகிலிருந்தவர் மில்லே. இருவர் கல்லறையும் ஷாயியில், அந்த மணியோசைக்கு அடியில் இருக்கின்றன.

ஆறு வாரம் போதுமா என்று கேட்ட இளைஞரிடம் இவையெல்லாவற்றையும் ஒரு ஞாயிறு பூசைக்குப்பின் சொன்னோம். போதாது என்று நாம் சொல்லவில்லை. மில்லேயும் சில காலத்துக்கென்றே வந்தவர். தங்கும் நாளின் கணக்கைவிட, அவ்விடத்தின் துன்பத்தில் நமக்கும் பங்குண்டு என்று எந்த நாளில் தெரிகிறது என்பதே பெரிதாக நமக்குப் படுகிறது. அந்நாள் மூன்றாம் வாரத்திலும் வரலாம், முப்பதாம் ஆண்டிலும் வராமலிருக்கலாம்.

அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. வரும் ஐப்பசியில் புறப்படுகிறார். போய்ச் சேர்ந்ததும் தூரிகையை எடுக்குமுன், அவ்வூரார் அடுப்புக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து நமக்கு எழுதச் சொல்லியிருக்கிறோம்.