வடக்கே போனால் கிழக்கு வரும்!

சிங்கப்பூர் நமக்குத் தென்கிழக்கே இருக்கிறது என்று பூகோள வாத்தியார் பிரம்பும் கையுமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் மதுரைக்காரர் சிங்கப்பூருக்குக் கிளம்பினால் முதலில் எந்தத் திசையில் போகிறார்? வடக்கே! மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை என்று 135 கிலோமீட்டர் உருண்டு, திருச்சியில் விமானம் பிடிக்கிறார். இன்னும் சிலர் 460 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்கே போய்விடுகிறார்கள்.

தாத்தா காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. நாகப்பட்டினத்தில் போய் நின்றால் 'ரஜூலா' வரும்; பிற்பாடு 'சிதம்பரம்' வந்தது. ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்தது.

இன்றைக்கு வழிகள் ஏராளம். மதுரையிலேயே 2010-ல் புது டெர்மினல் வந்தது. 2012-ல் கொழும்புக்கு விமானம் கிளம்பியது. அப்புறம் துபாய், 2017-ல் சிங்கப்பூர். எந்தெந்தக் கிழமை பறக்கிறது என்பது சீசனுக்கு சீசன் மாறும். டிக்கெட் எடுக்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஓடுபாதையின் நீளம் 7,500 அடி. நடுவில் ஒரே நடைபாதை, இரண்டு பக்கமும் மும்மூன்று சீட் உள்ள விமானங்களுக்குத்தான் இது தோது. 12,500 அடிக்கு நீட்டத் திட்டம் இருக்கிறது. ஆனால் குறுக்கே ரிங் ரோடு. பக்கத்தில் சின்ன உடைப்பு கிராமம். 2024 நவம்பரில் மாற்று இடம் கேட்டு அந்த ஊர் ஜனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நமக்குக் கால் நீட்ட இடம். அவர்களுக்குக் குடியிருக்க இடம். பெரிய விமானம் கேட்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

போன மாசம் ஆபீஸ் நண்பர் ஒருவர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, தங்கச்சிக்கு சிங்கப்பூர்ல பிரசவம். அம்மா தனியாப் போகணும். எனக்கு மானேஜர் லீவு தரமாட்டேங்கிறாரு. எந்த பிளைட்டுடா எடுக்கிறது?"

அம்மாவுக்கு வயசு 63. அலங்காநல்லூர்ப் பக்கம். முழங்கால் வலி. இங்கிலீஷ் கிடையாது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பிரசவத் தேதிக்கு இன்னும் 3 வாரம். நடுவழியில் எங்காவது மாட்டிக்கொண்டு திண்டாடினால், அந்தப் பக்கம் நிறைமாசப் பெண் தவித்துப் போய்விடும்.

பழைய பேப்பர் ஒன்றை விரித்து, பேனாவை எடுத்தேன்.

முதல் வழி, சென்னை. மதுரை-சென்னை ஒரு கம்பெனி, சென்னை-சிங்கப்பூர் வேறு கம்பெனி என்று தனித்தனியே எடுத்தால் கூட்டுத்தொகை குறைவாகத் தெரிந்தது. நண்பர் முகம் மலர்ந்தது. நான் தலையை ஆட்டிவிட்டேன். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை வாங்கி, உள்நாட்டு டெர்மினலிலிருந்து வெளிநாட்டு டெர்மினலுக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடி க்யூவில் நிற்க வேண்டும். முதல் விமானம் லேட்டானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. எங்கள் தெருப் பையன் ஒருவன் முதல் வேலையில் சேர இப்படித்தான் கிளம்பினான். முதல் விமானம் மூணு மணி நேரம் லேட். போய்ச் சேர்ந்தபோது கவுன்டரை மூடிவிட்டார்கள். அவன் அம்மா வளையலை அடகு வைத்து எடுத்த டிக்கெட். புது டிக்கெட்டுக்கு சங்கிலியும் அதே கடைக்குப் போயிற்று.

இரண்டாவது, திருச்சி. நேர் விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே. மலிவுக் கட்டணம்தான். ஆனால் பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, நல்ல சீட்டுக்குத் தனிக் காசு. ஒரு சீட்டுக்கும் அதற்கு முந்தைய சீட்டுக்கும் உள்ள தூரம் மலிவு விமானங்களில் 28, 29 அங்குலம். முழுச் சேவை விமானங்களில் 31, 32. 'மூணு அங்குலம்தானே' என்பீர்கள். வலிக்கிற முழங்காலைக் கேட்டுப் பாருங்கள்! இதோடு வேன் வாடகை வேறு. வழியனுப்பச் சித்தப்பா, பெரியம்மா, குழந்தை குட்டி என்று பதினோரு பேர் புளியோதரையோடு ஏறாமல் நம் ஊரில் யாரும் வெளிநாடு போனதாகச் சரித்திரம் இல்லை. அந்தச் செலவும் டிக்கெட் கணக்கில்தானே சேரும்?

மூணாவது வழியைச் சொன்னதும் நண்பர் முறைத்தார். "கொழும்பா? சுத்து வழியாச்சே!"

மேப்பைப் பார்த்தால் மயக்கம் தெளியும். மதுரையிலிருந்து ஆகாய வழியில் சென்னை சுமார் 420 கிலோமீட்டர். கொழும்பு விமான நிலையம் சுமார் 350. வெளிநாடுதான் பக்கம்! ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேரே சிங்கப்பூருக்குப் போய்விடும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. நடுவில் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், காசும் கொஞ்சம் கூட. அதுதான் குறை.

சாயங்காலம் மூன்றையும் அம்மாவிடமே விளக்கினோம். அங்குலக் கணக்கெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏந்தம்பி, வழியில எந்த ஊர்ல தமிழ்ல கேட்டா பதில் சொல்லுவாக?"

நண்பரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொழும்பு விமான நிலையத்தில் போர்டெல்லாம் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் இருக்கும். சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழி. பேப்பரை மடித்துவிட்டோம்.

டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் வேண்டும் என்று பதிவு செய்தோம். நடைபாதை ஓரச் சீட் கேட்டு வாங்கினோம். எழுந்து நடக்க அதுதான் வசதி. கடைசி வரிசை வேண்டாம் என்றோம். பல விமானங்களில் அது பின்னால் சாயாது. எமர்ஜென்ஸி கதவருகே கால் நீட்ட இடம் தாராளம், ஆனால் வயசானவர்களுக்குத் தரமாட்டார்கள். பிசினஸ் கிளாஸ்? சென்னையிலிருந்து பிராங்பர்ட் மாதிரிப் பத்து மணி நேரப் பயணமென்றால் யோசிக்கலாம். நாலு மணி நேரத்துக்கு அந்தக் காசில் பேரனுக்கு அரைஞாண் கொடியே செய்துவிடலாம். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னபோதுதான் அம்மாவுக்குக் கோபம் வந்தது. எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு என்று விமானத்தில் அதற்குத் தடை. "தேங்காய்க்கா தடை?" என்று அரைமணி நேரம் புலம்பினார்.

மறுநாள் கொழும்பிலிருந்து போன். வீல்சேர் தள்ளிய பையனிடம் வாங்கிப் பேசினார்.

"பாத்ரூம் எங்கனு தமிழ்ல எழுதியிருக்குய்யா. இந்தத் தம்பிக்கு இன்னும் கல்யாணமாகலையாம். நம்ம பக்கம் பொண்ணு இருந்தா சொல்லு."

ஆகவே, ஐயா, கம்ப்யூட்டர் காட்டும் கட்டணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை கூட்டுங்கள். வேன், பெட்டி, தூக்கம், முழங்கால் எல்லாவற்றையும் சேருங்கள். போகப் போவது யார் என்பதைக் கடைசியில் அல்ல, முதலில் எழுதுங்கள்.

புளியோதரையை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம். மதுரையிலிருந்தே ஏறினாலும் அந்தப் பதினோரு பேரும் அவனியாபுரம் தாண்டி வந்து நின்றார்கள்!