ஆர்.எச். நெகட்டிவ் பெண்ணும் 72 மணி நேரமும்



சென்ற ரமழானுக்குப் பின் எங்கள் குடும்பத்துப் பெண்ணொருத்திக்கு நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. மார்க்கப்பற்று, படிப்பு, குணம் யாவும் இரு தரப்பாருக்கும் பிடித்திருந்தன. பெண்ணின் இரத்த வகை ஓ நெகட்டிவ் என்று அறிந்ததும் மாப்பிள்ளையின் உம்மா பேச்சை நிறுத்திவிட்டார். "ஒரு பிள்ளைக்கு மேல் தங்காதாமே" என்பதே அவர் சொன்ன காரணம்.

அந்த அச்சம் வெறுங்கற்பனையன்று. பெண்ணின் உம்மும்மா எனக்குப் பெரியம்மா. அவர் முதற்பிள்ளையை நலமாகப் பெற்றார். அந்தப் பிள்ளைதான் இப்பெண்ணின் தாய். அடுத்துப் பிறந்த மூன்றும் உடல் மஞ்சளித்து, ஒரு வாரத்துக்குள் மவுத்தாயின. கண்ணூறு என்றனர் சிலர். தாய்ப்பாலில் குற்றம் என்றனர் வேறு சிலர். முதுமையில் ஓர் அறுவை சிகிச்சைக்காக இரத்தம் பரிசோதித்தபோதுதான் அவர் ஆர்.எச். நெகட்டிவ் என்பது தெரியவந்தது. அதுவரை அந்தப் பழியை அவரே சுமந்தார்.

தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் எனில் கருவிலுள்ள பிள்ளை பாசிட்டிவாக இருக்கக்கூடும். பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் சிறிதளவு தாயின் உடலில் கலக்கிறது. தாயின் உடல் அதை அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதற்குள் முதற்பிள்ளை பிறந்துவிடுவதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அந்த எதிர்ப்பொருள் அடுத்த பாசிட்டிவ் பிள்ளையை நஞ்சுக்கொடி வழியே சென்றடைந்து, அதன் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. சோகை, கடும் மஞ்சள் காமாலை, சில வேளை வயிற்றிலேயே மரணம்.

இதன் முதல் தடயம் நியூயார்க்கில் கிடைத்தது. பிள்ளையை இறந்தே பெற்ற தாயொருவருக்குக் கணவரின் இரத்தத்தை ஏற்றினர். இருவருக்கும் ஓ வகையே. எனினும் அவருடைய உடல் அதைக் கடுமையாக நிராகரித்தது. அந்நிகழ்வை ஆராய்ந்து பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் இருவரும் 1939இல் எழுதினர். மறு ஆண்டு லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்.எச். காரணியை விளக்கினர்.

தடுக்கும் வழி 1960களில் பிறந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் இரு குழுவினர் ஒரே காலத்தில் அதை நாடினர். தாயின் உடல் விழித்துக்கொள்ளுமுன், ஆயத்தமான எதிர்ப்பொருளை ஊசிவழிச் செலுத்தினால், கலந்துவிட்ட பிள்ளையின் அணுக்கள் அகற்றப்பட்டுவிடும். தாயின் உடல் தானாக எதிர்ப்பொருள் செய்யாது. இதுவே ஆன்டி-டி ஊசி. 1968இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இம்மருந்து மனிதரின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படுகிறது. இரத்தத்திலிருந்து வருவது கூடுமா எனக் கேட்போர் உண்டு. உயிர்காக்கும் தேவைக்கு இரத்தமேற்றுவதைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதித்தே உள்ளனர். ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஹாரிசனின் பிளாஸ்மாவில் இந்த எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது. பதினான்கு வயதில் பெரிய அறுவை சிகிச்சையின்போது பிறரின் இரத்தத்தால் பிழைத்தவர் அவர். பதினெட்டாம் வயதில் கொடுக்கத் தொடங்கி, 2018 வரை 1,173 முறை கொடுத்தார். ஊசிக்கு அஞ்சி, ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்! அவருடைய மகளுக்கும் அந்த ஊசி தேவைப்பட்டது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். இந்தியாவில் நூறு பேரில் ஏறத்தாழ ஐவர்தாம் நெகட்டிவ். ஆகவே அத்தகைய பெண்ணுக்குப் பாசிட்டிவ் கணவர் வாய்ப்பதே பெரிதும் இயல்பு. இதற்காகவே ஒரு பெண்ணை ஒதுக்குவதில் நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர்களிடமிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை.

கருவுற்றவுடன் இரத்த வகையைப் பரிசோதியுங்கள். நெகட்டிவ் எனில், எதிர்ப்பொருள் உருவாகியுள்ளதா என அறியும் கூம்ஸ் பரிசோதனையும் செய்வார்கள். உருவாகிவிட்டபின் ஊசியால் பயனில்லை. அப்போது மருத்துவர்கள் கருவை அணுக்கமாகக் கண்காணிப்பார்கள். இல்லையெனில் 28ஆம் வாரத்தில் ஓர் ஊசி. பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று.

நம் வீடுகளில் கருச்சிதைவை வெளியே சொல்லாமல் மறைக்கும் வழக்கம் உண்டு. கரு கலைந்தாலும், கருக்குழாயில் தங்கினாலும், வயிற்றில் பலத்த அடிபட்டாலும் ஆன்டி-டி தேவைப்படலாம். மூன்று மாதக் கருதானே என்று மாமியாரும் மருமகளும் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அந்த 72 மணி நேரம் வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடும்.