அத்தையும் ஓர் அமெரிக்க நாடகமும்

சென்ற மாதம் என் பேரன் தன் கணினியில் பழைய ஆங்கிலப் படம் ஒன்றை எனக்குக் காட்டினான். டென்னசி வில்லியம்ஸ் எழுதி, 1947இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' என்னும் நாடகம், 1951இல் படமாக வந்தது. முடிந்ததும், "எப்படி இருந்தது தாத்தா?" என்றான். எனக்கு விடை சொல்ல வரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் அல்சூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த அத்தையின் முகமே கண்முன் நின்றது.

கதை இதுதான். குடும்பச் சொத்தை இழந்த ஆசிரியை பிளான்ச், தங்கை ஸ்டெல்லாவின் இரண்டறை வீட்டுக்கு வந்து சேருகிறாள். தங்கையின் கணவன் ஸ்டான்லிக்குச் சொத்து என்னவாயிற்று என்பதே கவலை. மனைவிக்கு உரியது கணவனுக்கும் உரியதாம். பிளான்ச் தன் வயதை மறைக்க விளக்குக்குக் காகிதக் கூடு மாட்டுகிறாள், பழம்பெருமை பேசுகிறாள், மறைவில் குடிக்கிறாள். தங்கை பிள்ளைப்பேற்றுக்குச் சென்ற இரவில் ஸ்டான்லி அவளைக் கெடுத்துவிடுகிறான். அவள் சொல்வதை நம்பினால் ஸ்டெல்லா அவனோடு வாழ முடியாது. ஆகவே நம்ப மறுக்கிறாள். மருத்துவர் வந்து பிளான்சை அழைத்துச் செல்கிறார். அவள் மனம் தளர்ந்திருந்தது மெய். அவள் சொன்னதும் மெய்.

படத்தில், தணிக்கைக்காக, ஸ்டெல்லா குழந்தையுடன் கணவனை விட்டு விலகுவதாக மாற்றினார்கள். நாடகத்தில் அவள் அழுதுகொண்டே அவனிடம் இருந்துவிடுகிறாள். நாடகமே வீடுகளை அறிந்தது என்பேன்.

ஆசிரியருக்கும் இது கேள்விப்பட்ட கதையன்று. அவருடைய அக்காள் ரோஸுக்கு 1943இல் மூளையில் அறுவை செய்தார்கள். 1996இல் இறக்கும்வரை அவர் பிறர் பராமரிப்பிலேயே வாழ்ந்தார். பிளான்சாக நடித்த விவியன் லீயின் தந்தை, குதிரைப்படை அதிகாரியாக 1917இல் நம் பெங்களூருக்கு மாற்றலாகி வந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. தாயும் மகளும் உதகையில் தங்கினர். அந்த மகளே 1953இல் இலங்கையில் படப்பிடிப்பின்போது மனம் கலங்கி, வேடத்தை எலிசபெத் டெய்லருக்கு விட நேர்ந்தது.

இனி என் அத்தை. தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்த மாமா நெஞ்சு நோயால் இறந்ததும், அத்தை ஒரு டிரங்குப் பெட்டியுடன் அண்ணன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்தார். அப்பா கடைவீதியில் சிறு துணிக்கடை வைத்திருந்தார். மாலையானால் அத்தை தலைவாரிப் பவுடர் பூசிக் கண்ணாடி முன் அமர்வார். ஒரு நாள் கனகாம்பரமும் சூடினார். கைம்பெண்ணுக்கு இவை போதாவா? தெருவே சிரித்தது. அப்பா ஒவ்வொரு பண்டிகைக்கும் புதுச் சட்டை போடுவார். அதைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை.

அத்தை இன்னொன்றும் சொல்வார். "என் வீட்டுக்காரர் பணம் அண்ணனிடம் இருக்கிறது." வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். பிறகு கத்தவும் தொடங்கினார், உண்ண மறுத்தார். 1964இல் ஒரு விடியலில் அவரை வெளியூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். "சோமேசுவரர் கோயிலுக்கா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறினார். நான் திண்ணையில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாண்டுக்குப் பின் இறந்த செய்திதான் வந்தது.

அப்பா காலமானபின் அவர் பெட்டியில் சுரங்கத்துப் பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டைக் கண்டேன். அத்தையின் கைநாட்டு, சாட்சியாக அப்பாவின் கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் சென்றேன். அப்போது அம்மாவுக்கு எண்பது வயது.

"அத்தை சொன்னது உனக்குத் தெரியுமா அம்மா?"

அம்மா சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. "உனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டியிருந்ததப்பா" என்றார்.