ஒண்ணே முக்கால் கிலோ

ராயபுரம் பக்கம் போனால், ராஜா சர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். 1880-ல் ஆரம்பித்தது. வட சென்னையில் பாதிப் பேருக்குச் சொந்த ஊரே அதுதான் என்பேன். அங்கே நிற்கிற ஆண்களைக் கவனியுங்கள். கையில் ஃப்ளாஸ்க், மருந்துச் சீட்டு, ஒயர் கூடை. உள்ளேயிருந்து மாமியார் வந்து "பொம்பளப் புள்ள" என்றதும் சாக்லேட் வாங்க ஓடுவார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

நானும் அப்படி ஓடியவன்தான். என் மகளை ஒழுங்காகத் தூக்கியது மூன்றாவது மாசத்தில். "தலை நிக்கட்டும், அப்புறம் தூக்கு" என்றார் அம்மா. எனக்கு உள்ளூர நிம்மதி. பாசம் இல்லாமல் இல்லை, பயம்!

போன மாசம் திருவொற்றியூரில் எங்கள் தெருப் பையனுக்குக் குழந்தை பிறந்தது. எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். நாற்பதடி கன்டெய்னரை ஒரே ஒடிப்பில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவான். குழந்தை ஒண்ணே முக்கால் கிலோ. மனைவிக்கு ஆபரேஷன், எழுந்து உட்கார முடியவில்லை. நான் பார்க்கப் போன நேரம், நர்ஸம்மா அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வா. சட்டையைக் கழட்டு."

"இன்னாத்துக்கு சிஸ்டர்?"

"இப்ப நீதான் புள்ளைக்கு ஹீட்டர்."

குல்லாயும் டயப்பரும் மட்டும் போட்ட குழந்தையை அவன் வெறும் நெஞ்சில் தவளை மாதிரி நிமிர்த்தி ஒட்டவைத்து, மூக்கு அழுந்தாமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டிவிட்டார். கங்காரு முறை என்று பெயர். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. எடை குறைந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, சூடு தங்காது. பெரியவர் உடம்புச் சூடே அதற்குப் போர்வை. பிறந்தவுடனே தொடங்குங்கள், தினம் குறைந்தது 8 மணி நேரம் வையுங்கள் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அம்மாவால் முடியாதபோது அப்பா வைத்துக்கொள்ளலாம். தாய்ப்பால் ஒன்றுதான் நம்மால் ஆகாது.

டிரெய்லர்காரன் ஆடாமல் அசையாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். "நீ மூச்சு விடலாம் தம்பி" என்றார் நர்ஸம்மா. விட்டான். நெஞ்சு ஏறி இறங்க, குழந்தையும் கூடவே ஏறி இறங்கியது. பயல் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமியாருக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். "தொப்புள்ல மஞ்சள், எண்ணெய் எதுவும் வெக்காதீங்க அத்தே, அதுவா காயட்டும். பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டணும். இப்டி."

என் மகளுக்கு இது ஏழாவது மாசம். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன்: "தாத்தாவுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா சிஸ்டர்?"

மேலும் கீழும் பார்த்தார்.

"மொதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."